தானாகத் திறக்கும் என் பக்கம்

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்குகிறேன். இடைவெளி கூடக்குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயதில்தான் படிக்கக் கற்றேன்.

மந்தைவெளியில் எங்கள் வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். அதற்குள் இரண்டு சிஸ்டங்கள் இருக்கின்றன. விண்டோஸ், மருமகள் செல்வியின் ஆபீஸ் வேலைக்கு. லினக்ஸ், நான் தமிழ் எழுதிப் பழக.

போட்டதும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். பத்து விநாடிதான் நிற்கும். நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அது தானாக விண்டோஸுக்குப் போய், பாஸ்வேர்டு கேட்கும். அணைத்துவிட்டு மறுபடி போடுவேன்.

இன்று காலை மூன்று முறை அப்படியே ஆனது. இந்த வயதில் படிப்பே வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

"இன்னா மாமா, அதுக்குள்ள எய்ந்துட்டீங்க?" என்றாள் செல்வி.

சொன்னேன். உட்கார்ந்து எதையோ மாற்றினாள். "இனிமே சும்மா வுட்டா உங்களுதுதான் தொறக்கும்."

"உன் ஆபீஸ் வேலை முக்கியமாச்சேம்மா?"

"நான் வேகமா படிப்பேன் மாமா. எனக்கு ரெண்டு செகண்டு போதும்."

ஒன்பது மணிக்கு அவள் பழக்கதோஷத்தில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, டீ குடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திறந்துகொண்டது. மீட்டிங்குக்கு லேட்.

"ரெண்டு செகண்டு ஆயிடுச்சாம்மா?" என்றேன்.

"சிரிக்காதீங்க மாமா. இத்த யாராண்டயும் சொல்லாதீங்க" என்றாள். ஆனாலும் பழையபடி மாற்றவில்லை.

அதனால் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் யார் பக்கம் திறக்கிறது? எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு ஒரு வாரமாகும். படித்ததும் பதில் எழுதுவேன்.