எர்த் குழிக்குப் போகாத உப்பு

என் மகளின் லேப்டாப்பைக் கெடுத்தவன் நான். பழி, எங்கள் பகுதியில் ஒயரிங் வேலை பார்க்கிறவர் மேல் விழுந்தது. விழுவதற்கு வசதியாக நானே ஒரு கேள்வியும் கேட்டேன். இதையெல்லாம் ஊர் முன்னால் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை யாரும் நம்பவில்லை.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. பறிக்கிற கூலிக்குக்கூட இலை கட்டாது என்று நீலகிரியில் எங்கள் ஜெகதளாவைச் சுற்றிப் பலர் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இடுப்பளவில் நிற்கவேண்டிய செடிகள் மரமாகி நின்றன. எங்கள் இலையை வாங்கிய ஃபேக்டரி, பணத்துக்குப் பதில் தூளை மூட்டையாகக் கொடுத்தது. நான் வேதியியல் படித்தவன், தேயிலை ஃபேக்டரியில் தூளின் பக்குவம் பார்க்கும் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். கையால் செய்யும் உயர்ந்த ரகத்துக்கு வெளியூரில் நல்ல விலை என்று கேள்விப்பட்டு, வீட்டிலேயே செய்து பார்க்கத் துணிந்தேன்.

பறித்த இலையை முதலில் வாட்ட வேண்டும். அதற்கு ஓயாமல் இளஞ்சூட்டுக் காற்று வேண்டும். எங்கள் மழைக்காலத்தில் அது எங்கே கிடைக்கும்? மகளின் அறையில் கிடைத்தது.

அவள் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே சமையலறைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பவள். படம் திரையில் சுழல வேண்டும் என்பதற்காகக் கேமிங் லேப்டாப் வாங்கியிருந்தாள். வேலை முடிந்ததும் அதில் கார்ப் பந்தயம் விளையாடுவாள். கார் ஓட ஓட, பின்புறத்து ஓட்டைகளிலிருந்து சூடான காற்று சீறி வரும். முதல் தடவை கை வைத்துப் பார்த்தபோது, பழைய ஃபேக்டரியின் டிரையர் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது.

அவள் ஒரு கல்யாணத்துக்குக் குன்னூர் போன பகலில், முறத்தில் இலையைப் பரப்பி அந்தக் காற்றுக்கு முன்னால் வைத்தேன். சூடு வீணாகிறதே என்று முறத்தையும் லேப்டாப்பையும் சேர்த்து ஒரு கம்பளியால் மூடினேன். கம்பளிக்குள் கையை விட்டுக் காரை ஓட்டினேன். திரை தெரியாது. சுவரில் மோதும் சத்தம் மட்டும் கேட்கும். மோதினாலும் காற்று வரும், எனக்கு அது போதும்.

தேயிலையில் முக்கால் பங்கு தண்ணீர் என்று புதிதாக வரும் தொழிலாளர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். அந்தத் தண்ணீர் கம்பளிக்குள்ளிருந்து எங்கே போகும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. 'டிக்' என்று ஒரு சத்தம். காற்று நின்றது. கம்பளியைத் தூக்கினேன். லேப்டாப் வியர்த்திருந்தது. துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, இலையைக் கொண்டுபோய்ச் செடிக்கடியில் கொட்டினேன்.

மறுநாள் மகள் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் இல்லை. வேறு பிளக்கில் மாட்டினாள். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே இருந்தாள். விளக்குகூட எரியவில்லை.

"நீங்க தொட்டீங்களாப்பா?"

"எனக்கு அதைத் திறக்கவே தெரியாதே."

எங்கள் வீட்டுக்கு ஒயரிங் செய்து கொடுத்த ஒயரிங்காரருக்கு ஆள் போயிற்று. சிலோனிலிருந்து சிறுவயதில் கப்பலில் வந்தவர், எஸ்டேட் லயத்து வரிசை வீடொன்றில் இருக்கிறார். எஸ்டேட்டில் வேலை நாட்களைக் குறைத்துவிட்டதால் ஒயரிங்தான் அவருக்குச் சோறு. ஊரில் புதிதாகக் கட்டிய சமுதாயக் கூடத்தின் மின்வேலை அவருக்குக் கிடைப்பதாக இருந்தது. ஒரு வருடத்துக்கான வாழ்க்கை அது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எங்கள் வீட்டு பிளக்குகளையெல்லாம் சோதித்துவிட்டு, "கரண்டு நல்லாத்தான் இருக்குங்க ஐயா" என்றார். பக்கத்து வீட்டு அம்மாவும் கூடத்துக் கமிட்டித் தலைவரும் வேடிக்கை பார்க்க வந்து நின்றிருந்தார்கள்.

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். "எர்த் சரியா இருக்குதுங்களா?" என்றேன்.

அவ்வளவுதான். அவர் முகம் வெளுத்தது. படித்தவன் கேட்ட கேள்வி. கேட்டவர்களுக்கு அதுவே பதிலாகிவிட்டது.

"அதானுங்களே, போன வருசம் எங்கூட்டு மிக்சியும் போச்சு" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. அந்த மிக்சியில் அவர் மஞ்சள் கிழங்கைப் போட்டு அரைத்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஈரம் ஏறியிருக்கலாம், அரிசிக்குள் புதைத்து வைத்தால் சரியாகும் என்றாள் மகள். அரிசியைவிடத் தேயிலைத் தூள் நன்றாக ஈரம் இழுக்கும் என்று விளக்கினேன். உண்மைதான். மூட்டையும் வீட்டில் இருந்தது, அதற்குள்ளேயே புதைத்தோம். ஆனால் நான் அதைச் சொன்ன காரணம் வேறு. லேப்டாப்புக்குள் இலைத் துணுக்குகள் போயிருக்கும். திறந்து பார்க்கிறவன் கண்ணில் அவை தனியாகத் தெரியக்கூடாது.

குன்னூரில் லேப்டாப் ரிப்பேர்க் கடைக்காரர் அடிப்பலகையைக் கழற்றியதும் கடையே மணத்தது. பிரஷால் தட்டினார். தூள் கொட்டிக்கொண்டே இருந்தது.

"பால் மட்டும் ஊத்துல போலிருக்குதுங்க சார்" என்றார். பிறகு இடுக்கியால் எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். காம்போடு ஒரு முழு இலை, சுருண்டு கறுத்திருந்தது. மகள் அதை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

பஸ்ஸில் கேட்டாள். "டஸ்ட் மூட்டையில முழு இலை எப்பிடிங்கப்பா வரும்?"

"இப்பல்லாம் ஃபேக்டரில ஒழுங்காச் சலிக்கறதில்லம்மா" என்றேன். இரண்டாவது பழியை ஃபேக்டரி மேல் போட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வாரமே கமிட்டி ஒயரிங்காரரை விலக்கியது. "அவர் கை வச்சா பல்பு எரியும், கூடவே பொட்டியும் எரியும்" என்று டீக்கடையில் சிரித்தார்கள். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

ஒரு காலை, தூறலில், அவர் கடப்பாரையுடன் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தோண்டிக்கொண்டிருந்தார். எர்த் கம்பி மண்ணில் இறங்கும் குழியைத் தன் செலவில் திரும்பப் போடுகிறாராம். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கம்பளி, முறம், கார் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நிமிரவே இல்லை. "சும்மா இருங்க ஐயா. ஒங்க மனசு எனக்குத் தெரியும். பிழை என்னோடதுதான். குழிக்கு ரெண்டு கூடை கரி போடணும், ஒன்னுதான் போட்டேன். உப்பு போடவே இல்ல. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்."

"உப்பையா?"

"வீட்டுக்காரி ஊறுகா போட்டா. நீங்ககூட ஒரு போத்தல் வாங்கிச் சாப்பிட்டீங்களே."

சாப்பிட்டிருந்தேன். நல்ல எலுமிச்சை ஊறுகாய்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். நான் உட்கார்வதற்குள் அவரும் எழுந்து உப்பு விஷயத்தைச் சொல்லிவிட்டார். தலைவர் இரண்டையும் எடை போட்டார்.

"ஏனுங்க ஐயா, அவர் சொல்றதுல கரி இருக்கு, உப்பு இருக்கு. நீங்க சொல்றதுல கம்பளிக்குள்ள கார் ஓடுது. நம்பற மாதிரிங்களா இருக்கு? ஒரு ஏழை பொழப்புக்காகப் பழியைத் தலைமேல போட்டுக்கறீங்க. பெரிய மனசுங்க உங்களுக்கு."

கைதட்டினார்கள். எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். ஒயரிங்காரரின் நிலைமை முன்பைவிட மோசமாயிற்று. அவருக்காகப் பெரியவர் ஒருவர் பொய் சொல்லவேண்டியதாகிவிட்டது என்று ஊர் அவரை ஏசியது.

அன்று வீட்டில் மகள் கைக்குட்டையை அவிழ்த்து இலையை மேசைமேல் வைத்தாள். "நான் நம்பறேன். முழு இலை தூள் மூட்டையில வராதுன்னு பஸ்ஸிலேயே எனக்குத் தெரியுமுங்கப்பா. செஞ்சதையே எல்லாருக்கும் செஞ்சு காட்டுங்க."

அதற்குள் அவளுக்கு வேறு லேப்டாப் வாங்கிக் கொடுத்திருந்தேன். பழையதைக் கடைக்காரர் யாருடையதோ போர்டு ஒன்றை மாட்டி உயிர்ப்பித்துத் தந்திருந்தார். அதைக் கூடத்துக்குக் கொண்டுபோனோம். மின்சாரம் தலைவர் வீட்டிலிருந்து ஒயர் இழுத்து வந்தது. அவர் வீட்டு ஒயரிங் குன்னூர் ஆட்கள் செய்தது, எங்கள் ஒயரிங்காரரின் கை படாதது. முறத்தில் இலை பரப்பினேன். மூடுவதற்குக் கம்பளி கொண்டுவர மறந்திருந்தேன். குளிருக்காகத் தோளில் போட்டிருந்த அந்தப் பொன்னாடையால் மூடினேன்.

கார் ஓடியது. தலைவர் தானும் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றார். அவரை அடுத்து இன்னொருவர். வளைவில் திரும்பு, பிரேக்கைப் பிடி என்று எல்லோரும் கத்த, எதற்காகக் கூடினோம் என்பதே மறந்துபோயிற்று. இலை வாடி, நல்ல வாட்டத்துக்கே உரிய ஆப்பிள் மணம் வந்தது. "அருமையான டீயாகுமுங்க இது" என்றார் ஒருவர். லேப்டாப் சாகவில்லை. முன் வரிசையில் ஒயரிங்காரர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அது ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு எதிரான சாட்சி. ஒரு பொருள் கெட்டுப்போக வேண்டும் என்று நான் கடவுளை வேண்டிக்கொண்டது அந்த ஒரு நாள்தான்.

'டிக்'.

திரை இருண்டது.  ஒயரிங்காரர் எழுந்து வந்து, பழக்கத்தில், முதலில் பிளக்கைத்தான் சோதித்தார். டெஸ்டர் எரிந்தது.

"கரண்டு இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப அன்னைக்கு எர்த் சரியான்னு கேட்டீங்களே ஐயா. அது எதுக்கு?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, திரும்பவும் மாட்டிக்கொண்டேன். 

கூடத்தின் வேலை அவருக்கே கிடைத்தது. எர்த் குழி போட்ட அன்று பக்கத்து வீட்டு அம்மா உப்பு மூட்டைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடைசி உப்புக் கல் குழிக்குள் விழும்வரை எழுந்திருக்கவில்லை. கூடத்தில் விசேஷம் என்றால் என்னைப் பிளக் பாயிண்ட் இல்லாத சுவரோரமாக உட்கார வைக்கிறார்கள்.

ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஒயரிங்காரர் இன்றைக்கும் வந்து எங்கள் வீட்டு எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுப் போகிறார். முன்பெல்லாம் என்னைக் கூப்பிட்டுச் சொல்வார். இப்போது, "பொட்டி நல்லா இருக்குதாம்மா?" என்று மகளிடம் கேட்டுவிட்டுப் போய்விடுவார். ஊறுகாய் வருவதில்லை.

போன மாதம் எலுமிச்சம்பழமும் ஒரு பை கல்லுப்பும் வாங்கிக்கொண்டு லயத்துக்குப் போனேன். அவர் மனைவி வாங்கி உள்ளே வைத்தார். டீ கொடுத்தார்கள். அவரும் எதிரே உட்கார்ந்து குடித்தார். இலை விலையைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். போத்தல் இன்னும் வரவில்லை. இந்தக் குளிரில் எலுமிச்சை ஊற நாளாகும் என்கிறாள் மகள்.