அழிக்க வேண்டிய பறவை

கிரிவலப் பாதையை ஒட்டிய பூங்காவைப் பராமரிக்கும் குழுவில் நானும் இருக்கிறேன். அங்கே பறவைப் பலகைகளை வரைந்த ஓவியரை மறுபடி அழைக்க வேண்டியதாயிற்று. ஒல்லியான மனிதர். தூரிகையைத் தொடுமுன் செருப்பைக் கழற்றிவிடுவார்.

ஈப்பிடிப்பான்களின் பலகையில், நடுக்கிளையில், நீண்ட வெள்ளை வாலோடு அரசவால் ஈப்பிடிப்பானை வரைந்திருந்தார். பெயர் அப்படி இருந்தாலும், மரபணுவைப் பார்த்த ஆய்வாளர்கள் அது இரட்டைவால் குருவிக்குத்தான் நெருங்கிய உறவு என்று வேறு குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். முன்பு வேறு குடும்பத்தில் இருந்த குண்டுக்கரிச்சான் ஈப்பிடிப்பான் குடும்பத்துக்கு வந்துவிட்டது. அரசவாலை அழித்துவிட்டுக் குண்டுக்கரிச்சானை வரையச் சொன்னேன்.

"இவ்ளோ நாளா சொந்தம்னு வச்சிருந்துட்டு இப்ப இல்லைன்றாங்களே, அதுக்குத் தெரியுமாங்க?" என்றார்.

"தெரியாதுங்க. ஆனா பாக்க வர்றவங்களுக்குத் தப்பா சொல்லக் கூடாதில்ல."

தலையாட்டினார். பெயின்ட் டப்பாவைத் திறக்கவில்லை. எதிரே புங்க மரத்தைக் காட்டினார். குளிர்காலத்துக்கு வந்திருந்த அதே பறவை, வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது.

"அத எதிர்ல வச்சிக்னு எப்படிங்க அழிக்கிறது? பங்குனியில போயிடும். அப்ப வர்றேன்."

சொன்னபடி வந்தார். நான் போவதற்குள் வேலையை முடித்துக் கிளம்பியும்விட்டார். பலகையின் ஓரத்தில் புதிதாகக் குண்டுக்கரிச்சான் இருந்தது. நடுக்கிளையில் பறவை இல்லை. ஆனால் அதன் பாரத்துக்குக் கிளை வளைந்திருந்த வளைவை அவர் நிமிர்த்தவில்லை.

அந்தக் கிளையில் வேறு எதையும் வரையச் சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.