மேற்குச் சுவரின் ஈரம்

கடைத்தெருவில் அவருக்குத் தராசுக்காரர் என்று பெயர். தராசு விற்றவர் அல்ல. கடைகளின் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் இருந்தவர். சொல்லாமல் போவதுதான் அந்த வேலைக்கு உயிர். சொல்லிவிட்டுப் போனால் எல்லாத் தராசும் யோக்கியமாகத்தான் நிற்கும் என்பார். காலை பதினோரு மணிக்குக் கூட்டம் குறைந்து கடைக்காரர் சற்றே கண் அசரும் நேரமாகப் பார்த்து உள்ளே போய் நிற்பார். அந்த நேரத்தில் அகப்படாத கள்ளத் தராசு வேறு எந்த நேரத்திலும் அகப்படாது என்பது அவர் கணிப்பு.

ஓய்வு பெற்ற பிறகு மாடி வீட்டில் தனியாக இருந்தார். மனைவி இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கீழ் வீட்டில் ஒரு நர்ஸ், பள்ளிக்கூடம் போகும் மகளோடு குடியிருந்தாள். அவரை நல்ல வீட்டுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. மோசமானவர் என்றும் சொல்ல முடியாது. விசாரிக்கிற வீட்டுக்காரர் என்றால் பொருந்தும். குழாய் சொட்டுகிறது என்றால் ஆளை அனுப்புவார். ஆனால் எப்போதிலிருந்து சொட்டுகிறது, நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு சுவர் பிடிகொடுக்காமல் போனது. கீழ் வீட்டுப் படுக்கையறையின் மேற்குச் சுவர் ஈரமாகிறது என்று நர்ஸ் சொன்னாள். மகளின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. பிள்ளை மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்தது. தராசுக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டு இரண்டு முறை போய்ப் பார்த்தார், இரண்டு முறையும் பதினோரு மணிக்கு. மஞ்சள் கறை இருந்தது; ஈரம் இல்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், புறங்கையை வைத்துப் பார்த்தார். சுவர் அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. நர்ஸ் கட்டுப்போடும் பஞ்சை எடுத்துவந்து ஒற்றிப் பார்த்து, அவளே குழம்பி நின்றாள்.

அன்று சாயங்காலம் அவர் யோசித்தார். சொல்லிவிட்டுப் போனால் தராசு யோக்கியமாக நிற்கும். சுவர் மட்டும் விதிவிலக்கா? அவள் துடைத்து வைக்கிறாள் என்று அவர் நினைக்கவில்லை. ஈரத்தைக் காட்டத்தானே அவளே கூப்பிட்டாள். ஆனால் பழகிய புத்தி பழகிய வழியில்தான் நடக்கும். மறுவாரம் ஒரு நாள், அவள் பகல் டியூட்டியில் இருப்பாள் என்று எண்ணி, தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் கீழ் வீட்டைத் திறந்து உள்ளே போனார். மேற்குச் சுவரில் காதை வைத்துக் கண்ணை மூடி நின்றார்.

அந்த வாரம் டியூட்டி மாறியிருந்தது. இரவு வேலை முடிந்து வந்த நர்ஸ் அதே அறையில் மகளின் கட்டிலில் தலையோடு போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்; போர்வைக் குவியல் என்றுதான் அவர் நினைத்திருந்தார். கண் விழித்தவள் கூச்சல் போடவில்லை. போர்வையைக் கழுத்துவரை இறக்கிப் பிடித்துக்கொண்டு, வலியில் இருப்பவரிடம் பேசுகிற அதே நிதானக் குரலில், "சார், வெளியே போங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மாடிக் கதவுக்கு அடியில் ஒரு கடிதம் கிடந்தது. மாதக் கடைசியோடு வீட்டைக் காலி செய்கிறாளாம். காரணம் எழுதவில்லை. ஈரத்தையும் சேர்த்துக் காரணத்தை எழுதியிருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மைத்துனரிடம் போனார். மைத்துனர் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அக்காள் புருஷன் என்ற மரியாதையைக் குறைக்காமலே எதையும் சொல்லிவிடுவார். வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொல்லி, ஏழாவது பிரிவில் விரலை வைத்தார். வீட்டைப் பார்வையிட ஒரு நாள் முன்பாக எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. கீழே தராசுக்காரரின் கையெழுத்து, முத்திரை குத்தியது போல அழுத்தமாக இருந்தது.

"ஊர்ல ஒருத்தர் காகிதத்தையும் நீங்க படிக்காம விட்டதில்ல. உங்க காகிதத்தை நீங்க படிக்கலையா அத்தான்?"

"என் வீட்டுக்குள்ள போறதுக்கு நானே எழுதிக் கேக்கணுமா?"

"வீடு உங்களுது. குடியிருப்பு அவங்களுது. ரெண்டும் ஒரே இடத்துலதான் இருக்கு, என்ன செய்யறது."

பொருள் ஒருவருடையது, அதில் வாழும் வாழ்க்கை இன்னொருவருடையது. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது? வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு நடந்தவர், தன் தெருமுனையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார். கேள்வி பிடித்திருந்தது. ஆனால் கேள்வி பிடித்திருப்பதால் குற்றம் குறைந்துவிடாது என்றும் அவருக்குத் தெரிந்தது.

அறிவிப்பு எழுத உட்கார்ந்தார். 'என் சுவரை' என்று எழுதி அடித்தார். 'தங்கள் சுவரை' என்று எழுதினார். அதுவும் பொய்யாகப் பட்டது. நான்காவது தாளில் 'கீழ்த்தளப் படுக்கையறையின் மேற்குச் சுவரை' என்று எழுதி, யாருக்கும் சொந்தமாக்காமல் விட்டார். பிளம்பருடன் வந்து பார்க்க அனுமதி கேட்டார். கடைசி வரியில், சொல்லாமல் உள்ளே வந்தது தவறு என்று எழுதினார். அலுவலகத்தில் மற்றவர்களிடம் எத்தனையோ முறை எழுதி வாங்கிய வாக்கியம்தான். தன் பேனாவால் எழுதும்போது எழுத்து கொஞ்சம் கோணியது.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. கூடவே ஒரு தாள். நோயாளியின் காய்ச்சலைக் குறித்து வைப்பதுபோல ஒன்பது நாளின் ஈரத்தை நர்ஸ் குறித்திருந்தாள். காலையில் காய்ந்திருக்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பஞ்சு நனைகிறது. இருட்டுவதற்குள் மறுபடி காய்கிறது. ஒரே ஒரு நாள் மட்டும் ஈரமே இல்லை. தராசுக்காரர் நாட்குறிப்பைப் புரட்டினார். அன்று அவர் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார்.

தாளின் கீழே ஒரு கேள்வி இருந்தது. 'நீங்கள் எத்தனை மணிக்குக் குளிக்கிறீர்கள்?'

ஒரு மணிக்கு. ஓய்வு பெற்றதிலிருந்து ஒரு மணிக்குத்தான். பதினோரு மணிக்குப் போனால் சுவர் எப்படி நனைந்திருக்கும்? திருடனைத் தேடி அவர் கீழே போகும்போதெல்லாம் திருடனும் கூடவே படியிறங்கிப் போயிருக்கிறான். வெட்கத்தைவிட, இது எப்படித் தனக்குத் தோன்றவில்லை என்ற ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

பிளம்பர் வரலாம், ஆனால் அந்த நேரத்தில் வீட்டுக்காரர் கீழே வரக்கூடாது என்பது அவளுடைய நிபந்தனை. அவர் மாடியிலேயே இருந்து, வழக்கம்போலக் குளிக்க வேண்டும்.

குறித்த நாளில் பிளம்பர் கீழே போனார். தராசுக்காரர் குளியலறைக்குள் நுழைந்து, செம்பில் மொண்டு ஊற்றத் தொடங்கினார். வழக்கம்போல என்றால் எத்தனை வாளி? ஊரார் எடையெல்லாம் கிராம் சுத்தமாகப் பார்த்தவருக்குத் தன் தலையில் தினமும் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்று தெரியவில்லை. எண்ணினார். நான்காவது வாளியில், காலுக்கடியில் ஓடும் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று முதல்முறையாகக் குனிந்து பார்த்தார். மூலையில் தண்ணீர் இறங்கும் சல்லடைக்குப் பக்கத்தில், தரைக்கும் சுவருக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. ஐந்தாவது வாளிக்குப் பிறகு அங்கே சோப்பு நுரை உள்ளே இழுபடுவது தெரிந்தது. கீழே என்ன நடக்கிறதோ! ஓடிப்போய்ப் பார்க்கக் கால் பரபரத்தது. ஆறாவது வாளியை நிரப்பினார்.

கதவு தட்டப்பட்டது. "பெரியவரே, போதும் வாங்க. இல்லன்னா கீழ மீன் வளக்கலாம்" என்றார் பிளம்பர்.

தலையைத் துவட்டிக்கொண்டு இறங்கியவர் கடைசிப் படியில் நின்றுவிட்டார். கீழ்க் கதவு திறந்துதான் இருந்தது. நர்ஸ் உள்ளேயிருந்து அவரைப் பார்த்தாள். அவர் நிற்பதையும் பார்த்தாள். கொஞ்ச நேரம் நிற்கத்தான் விட்டாள்.

"வாங்க சார். கையை வச்சுப் பாருங்க."

வைத்தார். உள்ளங்கை நனைந்தது. சொன்னதை நம்பியிருந்தால் ஒரு மாதம் முன்பே நனைந்திருக்கும்.

குளியலறைத் தரையைப் பெயர்த்து, உடைந்த வடிகுழாயை மாற்ற வேண்டும் என்றார் பிளம்பர். பழைய அளவிலேயே குழாய் போடலாம். கொஞ்சம் பெரிதாக நல்லதாகவும் போடலாம். வரிக்கணக்கு எழுதித்தரும் ஆடிட்டர் ஒரு முறை சொன்னது தராசுக்காரருக்கு ஞாபகம் வந்தது. இருந்ததை இருந்தபடி ஆக்கினால் அது ரிப்பேர், அந்த வருடச் செலவோடு முடிந்துவிடும். இருந்ததைவிட மேலாக்கினால் அது வீட்டின் மதிப்போடு சேரும், அதற்குக் கணக்கு வேறு. ஒழுகும் வீட்டை ஒழுகாமல் ஆக்குவது எதில் சேரும்? இதை ஆடிட்டரிடம் கேட்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டு, பெரிய குழாயையே போடச் சொன்னார்.

"சுவர் காய எத்தனை நாள் ஆகும்?" என்று நர்ஸ் கேட்டாள்.

மேலே காய்ந்தாலும் சுவரின் உள்ளே காய ஒன்றரை மாதமாவது ஆகும், அதற்கு முன்னால் வண்ணம் அடித்தால் உரிந்து வரும் என்றார் பிளம்பர். மாதக் கடைசிக்குப் பதினெட்டு நாள்தான் இருந்தது. தராசுக்காரர், இருப்பீர்களா என்று கேட்டால் கேட்டதற்காகவே போய்விடுவாளோ என்று பயந்து, சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"காஞ்சிருச்சுன்னு எப்படித் தெரியும்?"

"தொட்டுப் பாத்தா தெரியும்மா."

"தொட்டுப் பாத்துத்தான் இவ்வளவு நாள் ஏமாந்தோம்" என்றாள் அவள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு தராசுக்காரரிடம் திரும்பினாள். "கடுதாசியில தேதியை மாத்தி எழுதித் தர்றேன் சார். ஒன்றரை மாசம். இது காயுதா இல்லையான்னு பாக்காம என்னால போக முடியாது. அதுக்கப்புறம் இருக்கறதா போறதாங்கறதை அப்பத்தான் சொல்வேன். பூட்டை மாத்தியாச்சு. அதுல பேச்சில்ல."

"சரி" என்றார் அவர்.

அவள் மகளின் பென்சில் ஒன்றை எடுத்து வந்தாள். ஈரத்தின் விளிம்பைச் சுற்றிக் கோடு இழுத்து, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதத் தொடங்கினாள். குடியிருப்பவர் சுவரில் எழுதவோ ஆணி அடிக்கவோ கூடாது என்பது ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவு. இப்போது அவருக்கு அது மனப்பாடம். வாயைத் திறந்தார்.

"பென்சில் கோடு ஈரத்துல நிக்குமா?" என்று கேட்டார்.

அவள் விரலால் தேய்த்துப் பார்த்தாள். கோடு கலைந்தது. "நிக்காது. மார்க்கர் இருக்கு, இருங்க" என்று உள்ளே போனாள்.