பனி உயர்ந்ததாகச் சொன்ன மச்சான்

ஜொகூர் மாசாயில், சீவிய ஐஸில் சிரப்பும் பாலும் சோளமும் போட்டுத் தரும் என் ஐஸ் கச்சாங் கடையில் ஞாயிற்றுக்கிழமை மதியக் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தார். "தம்பி, மச்சான் நம்மள விட்டுட்டுப் போயிட்டாருடா. குளிக்கப் போனவரு விழுந்துட்டாரு." ஐஸ் சீவும் மெஷினை நிறுத்தினேன். மூலை மேசையில் அவருக்காக எடுத்து வைத்திருந்த பெரிய கிண்ணம் காலியாகவே இருந்தது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்டர் குணாளன் என் அக்கா மல்லிகாவின் கணவர். பாலோ பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, ஜொகூர் பாருவில் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆனவர். ஊசி போடும் டாக்டர் அல்ல, பனியை அளக்கும் டாக்டர். வடதுருவத்துக்குப் பக்கத்தில் கிரீன்லாந்து என்று ஒரு பெரிய தீவு, கிட்டத்தட்ட முழுக்கப் பனி மூடிக் கிடக்கிறதாம். அந்தப் பனி ஏறுகிறதா இறங்குகிறதா என்று செயற்கைக்கோளின் ரேடாரை வைத்துக் கணக்குப் பார்ப்பதுதான் அவர் வேலை.

பெண் பார்க்க வந்த அன்றே அவரை விடவில்லை நான்.

"மச்சான், அந்த ஐஸை நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"இல்ல மாப்ளே."

"தொட்டாவது?"

"அதுவும் இல்ல."

"அலமாக்! அப்ப ஐஸைப் பத்தி உங்களைவிட எனக்குத்தான் அனுபவம் ஜாஸ்தி லா!"

காப்பி மூக்கில் ஏறும்படி சிரித்தார். என் அம்மா பயந்துபோனார், சம்பந்தம் கெட்டுவிடுமோ என்று. அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் கடைக்கு வர ஆரம்பித்தார். சிரப் கொஞ்சம், பால் நிறைய, சோளம் வேண்டாம். எதைக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்வார்.

"மேலேருந்து அலையை விடுவோம் மாப்ளே. அது பனியில பட்டுத் திரும்பி வரும். எவ்வளவு நேரத்துல வருதுன்னு பார்த்தா உயரம் தெரிஞ்சிடும்."

"பனி நம்மள ஏமாத்திட்டா?"

"பனி ஏமாத்தாது. அளக்கிறவன்தான் தப்பாப் புரிஞ்சுக்குவான்."

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், கடைக்குள் நுழையும்போதே அவர் முகம் மின்னியது. அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் பனி இறங்கவில்லை, உயர்ந்திருக்கிறது என்றார். வெளிநாட்டு ஆட்களே கேட்டு ஆச்சரியப்பட்டார்களாம். அன்று கடையில் இருந்த அத்தனை பேருக்கும் இலவசம் என்று நான் கத்தினேன். மறுநாளே ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினேன். "எங்க மச்சான் சொல்லிட்டாரு, பனி உயருது!" பக்கத்தில் ஒரு பனிமலைப் படமும் உண்டு. பாசீர் கூடாங் ஃபேக்டரியில் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கதையை என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். எங்கள் குடும்பத்தில் சொல்லிக்கொள்ள வேறென்ன இருந்தது?

அதற்கப்புறம் ஒரு சமயத்திலிருந்து மச்சான் மூலை மேசைக்கு மாறினார். வாசலுக்கு முதுகு காட்டி உட்காருவார். ஃபேன் காற்றுக்காக என்று நினைத்தேன். ஒரு தடவை, "அந்த போர்டு பழசாப் போச்சே மாப்ளே, எடுத்துடலாமே" என்றார். அதற்கென்ன, அந்த வாரமே புதுப் பெயிண்ட் அடித்தேன். எழுத்தை இன்னும் பெரிதாக்கினேன். அவர் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார்.

இறுதிச் சடங்கன்று அவரோடு வேலை பார்த்த டாக்டர் ஷீலா வந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எவ்வளவு நேர்மையான மனுஷன் தெரியுமா? தன்னோட தப்பைத் தானே கண்டுபிடிச்சு, மேடை ஏறி எல்லார் முன்னாலயும் சொன்னாரு."

"என்ன தப்புங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பனி உயர்ந்துச்சுன்னு சொன்னாரே. அது உயரவே இல்லைங்க."

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். முன்பெல்லாம் மேல்பனி பஞ்சு மாதிரி இருந்ததால் ரேடார் அலை அதற்குள் புகுந்து, கீழேயிருந்து திரும்பி வந்திருக்கிறது. ஒரு வருடம் வழக்கத்துக்கு மீறிய சூடு. மேல்பனி உருகி, மறுபடி உறைந்து கெட்டித் தட்டாகிவிட்டது. அலை அந்தத் தட்டிலேயே பட்டுத் திரும்பியதால் பனி வளர்ந்த மாதிரி கணக்கு வந்திருக்கிறது.

"மேடையில இதை எப்பங்க சொன்னாரு?"

"மூணு வருஷம் இருக்குமே."

மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள். அவர் எதிரிலேயே நான் கதை சொல்லியிருக்கிறேன். அவரோடு வந்த மாணவர்களிடம் கூட கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் சிரித்தது என் நகைச்சுவைக்கு என்று நினைத்திருந்தேன்.

அக்காவிடம் போய்க் கேட்டேன். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"உங்கிட்ட சொல்லிடுங்கன்னு நானும் சொன்னேன்டா. 'உலகமே கேள்வி கேக்கட்டும் மல்லிகா, பதில் சொல்லிடுவேன். உன் தம்பி கிண்டல் பண்ணினா மட்டும் என்னால தாங்க முடியாது'ன்னுட்டாரு."

கிண்டல் செய்திருப்பேன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு மாதம் அவரைப் படுத்தி எடுத்திருப்பேன். அப்புறம் ஏணி போட்டு ஏறி, பலகையை நானே கழற்றியிருப்பேன். யாராவது ஒருத்தன் மச்சானைப் பார்த்துச் சிரித்திருந்தால் அவனுக்கு என் கடையில் ஒரு கரண்டி ஐஸ் கிடைத்திருக்காது. இது அவருக்குத் தெரியாமல் போனதே. இத்தனை வருடம் என் முன்னால் உட்கார்ந்திருந்தவர், என் வாய்க்கொழுப்பில் பட்டுத் திரும்பியதை மட்டும் வைத்து, நான் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டார். கிரீன்லாந்துக் கணக்கைத் திருத்தியவர் இந்தக் கணக்கைத் திருத்தாமலே போய்விட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நல்ல மனிதர்தான், நேர்மையானவர்தான். என்னிடம் மட்டும் அப்படி இருக்கவில்லை.

பலகையைக் கழற்றிவிடவா என்று கடைப் பையன்கள் கேட்டார்கள். தொடாதீர்கள் என்றேன். எடுக்கச் சொல்ல வேண்டியவர் காரணத்தோடு சொல்லவில்லையே.

பதினாறாம் நாள் படையலில் அவருக்குப் பிடித்ததையெல்லாம் அக்கா வைத்தார். நான் அந்தப் பெரிய கிண்ணத்தில் ஐஸைக் கோபுரமாகக் குவித்து, சிரப் கொஞ்சம், பால் நிறைய ஊற்றி, படத்துக்கு முன்னால் வைத்தேன். எல்லாரும் கும்பிட்டு முடிப்பதற்குள் கோபுரம் சரிந்து, கிண்ணத்துக்குள் ரோஸ் நிறத் தண்ணீர்தான் நின்றது.

படத்துப் பக்கம் குனிந்து அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். "பனி இறங்கிடுச்சு மச்சான். நான் சிரிக்கல, பாருங்க. போய்ட்டு வாங்க."