ஆமையை மறைத்த நாள்

மதுரையில் இருந்துகொண்டு கடலில் துடுப்புப் படகு விடும் தொழில் செய்கிறேன் என்று சொன்னால், ஊட்டியில் உப்பளம் வைத்திருப்பவனைப் பார்ப்பது போலத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஞாயிறுதோறும் விடியுமுன் மாட்டுத்தாவணியில் ஆட்களை வேனில் ஏற்றி, ராமநாதபுரம் தாண்டிக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், கயாக் என்கிற ஒல்லிப் படகில் உட்காரவைத்து, பறவையும் ஆமையும் காட்டித் திரும்பக் கொண்டுவந்து இறக்க வேண்டும். அடுத்தவர் விடுமுறையே தன் வேலையாகிப்போன சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

எந்தச் சாமியிடம் என்ன கேட்பது

அந்த ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏறியவர்களில் ஒருவர் தவமணி. உசிலம்பட்டிப் பக்கம் தோட்டமும் கிணறுமாக இருப்பவர். அவர் மகள் செல்வியை நான் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது, அவளுக்கும் என்னை. அவருக்கு மட்டும் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது பிடிபடவே இல்லை. நேரில் பார்த்த பிறகுதான் முடிவு என்று சொல்லிவிட்டார்.

செல்வி முதல் நாளே போனில் எச்சரித்தாள். வீட்டுக்குள் ஆமை வந்தால் ஆகாது என்பதில் அப்பா ரொம்ப உறுதியானவர், நல்ல காரியமாகப் போகிற இடத்தில் அது கண்ணில் பட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது என்றாள். நான் பிழைப்பதோ ஆமை காட்டி. என்ன செய்வதென்று தெரியாமல் டிரைவர் பாண்டியிடம் புலம்பினேன். அவர் வேன் கண்ணாடியில் தொங்கிய சாமி படத்துக்குப் பூ வைத்தபடியே கேட்டார்: "ஆமை வரணும்னு கும்பிடவா, வரக்கூடாதுன்னு கும்பிடவா? ஒண்ணச் சொல்லு மாப்ள."

துடுப்பு யார் கையில்

தவமணி ஐயாவுக்கு வேட்டிக்கு மேல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, இருவர் போகும் என் படகில் முன்னால் உட்காரவைத்தேன். துடுப்பைக் கொடுத்ததும் இரண்டு முனையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி இருக்கவே, பிடி எந்தப் பக்கம் என்று கேட்டார். நடுவில்தான் பிடிக்க வேண்டும், வந்தவர்களே துடுப்புப் போட்டுக்கொண்டு போவதுதான் இதில் சுகம் என்று விளக்கினேன்.

நாலு முறை துழாவிப் பார்த்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்: "வந்தவங்களே ஓட்டணும், வந்தவங்களே நனையணும். அப்ப ஒங்களுக்கு என்னதான் தம்பி வேலை?"

பூநாரைப் பக்கம்

பக்கத்துப் படகில் பழங்காநத்தத்து ஜவுளிக்கடை துளசிராம் சாரும் அவர் மனைவி சாவித்திரியம்மாவும். ஆமை பார்க்கத்தான் வந்தோம் என்று வேனிலேயே சொல்லிவிட்டவர்கள். கொஞ்ச தூரம் போனதும் இருவரும் சௌராஷ்டிரத்தில் சத்தம் போட ஆரம்பித்தார்கள். அந்த மொழி காதில் விழுந்தே வளர்ந்தவன்தான் நான், ஒரு வார்த்தை புரியாது. சண்டையா, சந்தோஷமா, ஆமையைக் கண்டுவிட்டார்களா? "ஐயா, இந்தப் பக்கம் பூநாரை பாருங்க!" என்று படகைத் திருப்பினேன். மறுபடி சத்தம் வந்தது, மறுபடி திருப்பினேன். தூரத்துப் பூநாரைகளைத் தவமணி ஐயா எல்லாக் கோணத்திலும் பார்த்து முடித்துவிட்டார்.

இப்படிச் சுற்றியதில் எனக்கே திசை குழம்பிவிட்டது. மதுரையில் எதற்கும் கோபுரத்தைப் பார்த்து வழி சொல்லிப் பழகியவன். இங்கே சுற்றிலும் ஒரே மாதிரித் தண்ணீர், கரை என்று நினைத்தது மணல்திட்டாக இருந்தது. கடைசியில் தாங்க முடியாமல், என்னதான் பார்த்தீர்கள் என்று துளசிராம் சாரிடம் கேட்டேவிட்டேன். அவர் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "ஒண்ணும் பாக்கல தம்பி, வீட்டுல கேஸை அணைச்சோமா இல்லையான்னு பேசிக்கிட்டு வாரோம்."

மேய்கிற இடம்

தண்ணீர் கருத்துத் தெரிந்தபோதுதான் உறைத்தது. கீழே முழுக்கக் கடற்புல். வழக்கமாக நான் ஆமை காட்டக் கூட்டிவரும் இடத்துக்கே, ஆமைக்குப் பயந்து ஓடி வந்து சேர்ந்திருந்தேன். சுதாரிப்பதற்குள் தவமணி ஐயாவின் துடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய தலை எழுந்து மூச்சு விட்டது. சாவித்திரியம்மா கைதட்டினார். எனக்குச் செல்வியின் முகம் நினைவுக்கு வந்தது. பூநாரை இருந்த திசைகூட மறந்துபோய், "மன்னிச்சிருங்கய்யா" என்று மட்டும் சொன்னேன்.

ஐயா தண்ணீரை நோக்கிக் குனிந்தார். ஆமை உள்ளே போய்ப் புல்லைக் கடிப்பது தெளிந்த தண்ணீரில் நன்றாகத் தெரிந்தது. "மேயுதா?" என்றார். ஆமாம் என்றேன். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அது மெல்ல நகர்ந்து மறையும்வரை பார்த்தார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்: "அது நம்ம வீட்டுக்கு வந்தாத்தான தம்பி ஆகாது? இங்க நாமல்ல அது வீட்டுக்குள்ள வந்து நிக்கிறோம்! சகுனம் பாக்குறதுன்னா அதுதான் பாக்கணும். படகத் திருப்புங்க, ஒங்க அம்மாவ நாள் பாக்கச் சொல்லணும்."

கல்யாணம் நல்லபடியாக முடிந்துவிட்டது, மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்கிறவர்களுக்கு மாமனார் என்ன பதில் சொல்கிறார் என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.