அப்புறம் மிஸ்

வாயைத் திறந்து, பல்குச்சியின் மழுங்கிய முனையால் இடது கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டுகிறார் உயிரியல் ஆசிரியை. பள்ளிக்கு இன்னும் யாரும் வரவில்லை. ஆய்வகக் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. சுரண்டியதைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, அதன் மேல் ஒரு துளி மெத்திலீன் நீலம் விடுகிறார். மெல்லிய கண்ணாடி மூடியை ஊசியால் தாங்கிச் சாய்த்து, தூங்கிய குழந்தையைத் தொட்டிலில் விடுகிற பதத்தில் இறக்குகிறார். அவசரப்பட்டால் காற்று புகுந்து குமிழியாகிவிடும். பிறகு ஒரு கண்ணை மூடி நுண்ணோக்கிக்குள் பார்க்கிறார்.

"ம், இருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார்.

வாய்மொழித் தேர்வு நடக்கிற நாளெல்லாம் இதுதான் வழக்கம். ஆய்வக அலமாரியில் தயார் செய்த தகடுகள் பெட்டி நிறைய இருக்கின்றன. ஆசிரியை அவற்றைத் தொடுவதில்லை. "அதெல்லாம் செத்து மண்ணாப் போயாச்சு. பிள்ளைங்க பார்க்கறது இன்னிக்குக் காலையில உயிரோட இருந்ததா இருக்கணும்" என்பார். யாருடைய கன்னம் என்று அவர் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. மனிதக் கன்னச் செல் என்று சொன்னால் மதிப்பெண் உண்டு. எந்த மனிதர் என்பது பாடத்திட்டத்திலேயே கிடையாது.

ஆண்டுக்கணக்காக நீலச் சாயத்தோடு புழங்கியதில் அவருடைய வலக்கை விரல் நுனிகள் நிரந்தரமாக நீலம் பாரித்துவிட்டன. எந்த சோப்புக்கும் மசியாத நீலம். உணவகத்துக்குப் போனால் மேசையில் இருக்கும் பல்குச்சிகளில் நாலைந்து அவர் கைப்பைக்குள் போய்விடும். பரிமாறுகிறவர் பார்த்துவிட்டால், "பிள்ளைங்களுக்கு" என்பார். அவர் ஏதோ நிறையப் பெற்றவர் என்று நினைத்துக்கொண்டு, அந்த மனிதர் இன்னும் ஒரு பிடி எடுத்துக் கொடுப்பார்.

தாவர செல்லுக்கு வெங்காயத்தோல். அதற்கும் அவர் கடைக்குப் போய் ஒரே ஒரு வெங்காயம்தான் வாங்குவார். காய்கறிக் கடைக்காரம்மா அதை எடைபோடுவதைக்கூட விட்டுவிட்டார்.

"என்ன டீச்சர், இன்னிக்கு சமையலா, பரீட்சையா?"

"ரெண்டும்தான்."

உள்தோல் ஒரு துண்டு பரீட்சைக்குப் போகும். மிச்ச வெங்காயம் இரவு அவருடைய முட்டையோடு சேரும். ஓர் ஆளுக்குச் சமைக்கிறவர்களுக்குத்தான் தெரியும், ஒரு முழு வெங்காயம் எவ்வளவு பெரிது என்று.

வாய்மொழித் தேர்வு நடக்கும் விதம் இப்படி. ஆய்வகத்தின் கோடியில் ஒரு மேசை. மேசையின் மேல் நுண்ணோக்கி. இந்தப் பக்கம் ஆசிரியை, அந்தப் பக்கம் ஒரு முக்காலி. பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைக் கைமணி. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, திருகைத் தாங்களே திருப்பி, தெரிவதைச் சொல்ல வேண்டும். பிறகு சில கேள்விகள். ஆளுக்கு ஐந்து நிமிடம். நேரம் முடிந்ததும் ஆசிரியை மணியை எடுத்து ஆட்டுவார், அடுத்தவர் உள்ளே வருவார்.

சொன்ன பதில் சரியோ தப்போ, உடனே அடுத்த கேள்விக்குத் தாவுகிற பழக்கம் அவருக்கு இல்லை. மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு, "அப்புறம்?" என்பார். இதனால் பிள்ளைகள் வைத்த பெயர் 'அப்புறம் மிஸ்'. அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

"செல்லோட ஆற்றல் நிலையம் எது?"

"மைட்டோகாண்ட்ரியா!" கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

"சரி. அப்புறம்?"

"அப்புறம்... அவ்வளவுதான் மிஸ்."

"அங்க என்ன வேலை நடக்குது?"

"கரண்ட் எடுக்கறாங்க மிஸ்."

அவர் சிரிக்க மாட்டார். "எதுல இருந்து எடுப்பாங்க?" என்று கேட்டு, குளுக்கோஸுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மாவுச்சத்துக்குப் போய், "காலையில நீ என்ன மாவுச்சத்து சாப்பிட்டே?" என்று நிறுத்துவார். "ஒண்ணும் சாப்பிடல மிஸ், அம்மா காலை ஷிஃப்ட்டுக்குப் போயிட்டாங்க" என்று பதில் வரும். "அப்புறம்?" என்பார். இப்படியே யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் கூரை ஒழுகுகிறது, யார் யாரோடு பேசுவதில்லை என்று வகுப்பு முழுவதும் அவருக்கு அத்துப்படியாகிவிடும். உயிர்வேதியியலில் தொடங்கி உலகத்தையே சுற்றி வந்துவிடுவார்கள். அதற்குள் மணி அடிக்க வேண்டியிருக்கும்.

ஒருமுறை ஒரு பையனிடம் நொதியைப் பற்றிக் கேட்டார். வினை முடிந்த பிறகு நொதி மாறாமல் அப்படியே இருக்கும், அடுத்த வினைக்குத் தயாராகிவிடும் என்பது பதில். பையன் விட்டத்தைப் பார்த்தான். பிறகு, "வேலை முடிஞ்சா வீட்டுக்குப் போயிடும் மிஸ்" என்றான். அன்று முழுவதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பேருந்தில் தனியாகச் சிரித்ததில், பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார். யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே? ஞாயிற்றுக்கிழமைவரை பொத்திவைத்திருந்து, வெளிநாட்டிலிருந்து தம்பி கூப்பிட்டபோது சொன்னார்.

"ஓ," என்றான் தம்பி. "நொதின்னா என்னக்கா?"

அவர் விளக்க ஆரம்பித்தார். "சரிக்கா, சரிக்கா. உடம்பைப் பார்த்துக்கோ. வச்சிடட்டுமா?" என்றான். தம்பி பாசக்காரன்தான், அவனைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் போனை வைத்தபின் அந்த வீடு இருந்ததைவிடப் பெரிதாகிவிட்டது.

வீடு என்றால் மூன்றாவது மாடியில் ஒன்றரை அறை. கல்யாணப் பேச்சு வந்து, வந்து, பிறகு வராமல் போனது. அம்மா இருந்தவரை குடும்பம் என்று ஒன்று இருந்தது. இப்போது அழைப்புமணியைத் தண்ணீர்க் கேன் போடுகிறவரும் மின்கணக்கு எடுக்கிறவரும் மட்டும் அடிக்கிறார்கள். தண்ணீர்க்காரரிடம் ஒருநாள் "அப்புறம்?" என்று கேட்டுவிட்டார். அவர் திருதிருவென்று விழித்து, "அப்புறம் வேற கேன் வேணுமாம்மா?" என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக் கதவைத் தாண்டினால், திங்கட்கிழமை காலைவரை அவர் குரலை அவரே கேட்காத வாரங்கள் உண்டு. திங்களன்று முதல் வார்த்தை கொஞ்சம் கரகரத்துத்தான் வரும்.

இப்படிப்பட்டவரிடம்தான் தலைமையாசிரியர் அந்தச் செய்தியைச் சொன்னார். மனிதர் கெட்டவர் என்று சொல்ல வாய் வராது. எல்லோருக்கும் நல்லது செய்யத் துடிக்கிறவர். அதுதான் வம்பே.

"அடுத்த பருவத்துல இருந்து வாய்மொழித் தேர்வு கிடையாது டீச்சர். எல்லாம் கம்ப்யூட்டர்லதான். செல்லோட படம் திரையில வரும், நாலு விடை இருக்கும், பையன் தட்டினா மார்க் தானா விழுந்துடும். உங்களுக்கு எவ்வளவு வேலை மிச்சம் பாருங்க."

"எனக்கு அந்த வேலை சிரமமே இல்லையே சார்."

"தொண்டை வரள ஒவ்வொருத்தரோடயும் பேசணும். எதுக்கு டீச்சர்?"

எதற்கு என்று அவருக்குத் தெரியும். சொல்லத்தான் முடியவில்லை. நுண்ணோக்கியைத் திருகுகிற பழக்கம் போய்விடும், மனப்பாடம் அதிகமாகும் என்று ஏதேதோ சொல்லிப்பார்த்தார். அவையும் உண்மைதான். ஆனால் தொண்டை வரையில் வந்து நின்றது வேறொன்று. இந்த வயதில், இத்தனை படித்துவிட்டு, அதை எப்படி ஒருவர் முன்னால் எடுத்து வைப்பது? வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆக, கடைசி வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. வழக்கம்போல் கன்னத்தைச் சுரண்டினார். நீலம் விட்டார். மூடியை ஊசியில் தாங்கிப் பாதி இறக்கியபோது, கதவுக்குள் தலைமையாசிரியரின் தலை நீண்டது.

"இன்னிக்கே முடிஞ்சிடும்ல டீச்சர்?"

மூடி பொத்தென்று விழுந்தது. "முடிஞ்சிடும் சார்" என்றார். மனம் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டது. தகட்டை நுண்ணோக்கியில் வைத்தார். ஒரு கண்ணை மூடிப் பார்க்க மறந்துபோனார். அன்று "இருக்கேன்" என்று சொல்லவும் இல்லை.

முதலில் வந்தவன் திருகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாவர செல் மிஸ்" என்றான். "தடிமனா செல் சுவர் இருக்கு." அவர் புருவம் நெரிந்தது. அடுத்தவளும் தாவர செல் என்றாள், நடுவில் பெரிய வாக்குவோல் வேறு இருப்பதாகச் சொன்னாள். மூன்றாவது ஆளும் அதையே சொன்னான். மனிதக் கன்னத்தில் செல் சுவர் ஏது? வெளியே நிற்கிறவர்களுக்கு முன்னால் போனவர்கள் பதிலைச் சொல்லிவிடுகிறார்கள் என்று நினைத்தார். "ஃபோன்லயே படம் பார்த்துப் பார்த்துக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கத்தினார். யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. அன்று ஒருவரிடமும் "அப்புறம்?" என்று கேட்கவும் இல்லை. ஐந்து நிமிடம் ஆவதற்கு முன்பே மணி அடித்தது.

மதியத்துக்கு மேல் கோபம் வடிந்து வேறொன்று வந்து உட்கார்ந்தது. இத்தனை ஆண்டுகள் வாய் வலிக்கப் பேசியதெல்லாம் இதற்குத்தானா? தலைமையாசிரியர் சொன்னதுதான் சரி. படத்தைப் போட்டு, நாலு விடை கொடுத்து, தட்டச் சொல்லிவிடலாம். நான் எதற்கு நடுவில்? இந்த நினைப்பு வந்ததும் அவருக்குக் கண் கலங்கியது. அடுத்தவரைக் கூப்பிடுமுன் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவினார்.

கடைசியாக வந்தவள் நெட்டை. வகுப்பிலேயே உயரம் என்பதால் அந்தப் பெயர். முக்காலியில் உட்கார்ந்தும் நுண்ணோக்கிக்கு அவள் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லும்மா," என்றார் ஆசிரியை அலுப்போடு. "தாவரமா, விலங்கா?"

"ரெண்டும் இல்ல மிஸ்."

"பின்னே?"

"வெறும் காத்து மிஸ். குமிழி. நீங்கதானே சொல்லுவீங்க, சுத்தி கறுப்பாக் கரை கட்டி, நடுவுல பளிச்சுனு இருந்தா ஏமாந்துடாதீங்கன்னு."

ஆசிரியை எழுந்து வந்து குனிந்து பார்த்தார். கறுப்புக் கரை. நடுவில் வெளிச்சம். ஒன்றுமே இல்லாத வட்டம். காலையில் பொத்தென்று விழுந்த மூடி நினைவுக்கு வந்தது. பாவம், அந்தப் பிள்ளைகள் கண்ணில் பட்டதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கத்தியிருக்கிறோமே என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"தப்பு என்னோடதும்மா," என்றார்.

"தகட்டைக் கொஞ்சம் நகர்த்தட்டுமா மிஸ்?" அவள் கட்டைவிரலால் மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். "இந்தா இருக்காங்க. ஓரமா ஒதுங்கி நிக்கறாங்க. சுவர் இல்ல, நடுவுல நியூக்ளியஸ் இருக்கு. கன்னச் செல்." தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "யாரோட கன்னம் மிஸ் இது?"

திங்கட்கிழமைக் காலை மாதிரி தொண்டை கரகரத்தது.

"என்னோடது."

நெட்டை சிரிக்கவில்லை. மறுபடி குனிந்து, முன்னைவிட அதிக நேரம் பார்த்தாள்.

"எப்பவும் உங்களோடதுதானா மிஸ்?"

"எப்பவும்."

"அப்படீன்னா எங்க அண்ணன் பார்த்ததும் உங்களைத்தான்! அவன் இங்கதான் படிச்சான். படிச்சதுல எல்லாம் மறந்துபோச்சு, லேப்ல பார்த்த அந்த நீலம் மட்டும் இன்னும் கண்ணுலயே இருக்குன்னு சொல்லுவான். யாரோடதுன்னு அவனுக்குத் தெரியாது மிஸ். இன்னிக்குப் போய்ச் சொல்றேன்."

கதவுக்குள் மறுபடி தலைமையாசிரியரின் தலை நீண்டது. "முடிஞ்சுதா டீச்சர்? கடைசிப் பொண்ணுதானே?"

"முடியல சார். தகட்டுல குமிழி. நான் பார்க்காம வச்சுட்டேன். காலையில இருந்து வந்த அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிடணும்."

"அட, அந்த ஒரு கேள்விக்கு எல்லாருக்கும் மார்க்கைப் போட்டு விட்டுடுங்களேன். எதுக்கு வீண் சிரமம்?"

"மார்க்குக்காக இல்ல சார்." அவர் நுண்ணோக்கியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு அவங்களோட பேசணும். வேற யாரோடயும் நான் பேசறதில்ல சார்."

தலைமையாசிரியர் ஒருமுறை நெட்டையைப் பார்த்தார், ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். "இந்த வாரத்துக்குள்ள முடிச்சிடுங்க டீச்சர்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார். அடுத்த பருவத்தைப் பற்றி அவரும் எதுவும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஐந்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. நெட்டைக்கும் அது தெரிந்து, பாதி எழுந்து, மணிக்காக அவர் கையைப் பார்த்தாள்.

ஆசிரியை கைமணியை எடுத்தார். அதன் நாக்கை நீல விரல்களால் அசையாமல் பிடித்தபடி, மேசை இழுப்பறையை இழுத்து, சத்தம் வராமல் உள்ளே வைத்து மூடினார்.