நாக்குக்குக் கீழே வைத்த மருந்து

“இல்லைப் பாருங்கோ, என்ரை மருமோன் பிழையான மருந்து ஒண்டும் குடுக்கேல்லை.”

நான் இப்படிச் சொன்னதும் வந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்கள் என் மனைவியின் சொந்தக்காரர். நேற்று அச்சுவேலியிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்திருந்தார்கள். குழந்தைச் சவர்க்காரமும் ஒரு பால்மாப் பேணியும் மேசையில் இருந்தன. பிள்ளை பிறக்கும்போது எத்தனை கிலோ என்றுதான் கேட்டார்கள். மருந்தைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை.

“அப்பா, அவை பிள்ளையின்ரை நிறையைக் கேக்கினம்,” என்று உள்ளேயிருந்து மகள் ஜெசிதா சத்தம் போட்டாள்.

“மூண்டு கிலோவுக்கு மேலை,” என்றேன். பேத்தியின் பெயர் ஷெரோன். நான் கூப்பிட்டால் ஒரு கண்ணை மட்டும் திறந்து சிரிப்பாள். அது சிரிப்பில்லை, வயிற்றில் காற்று என்று என் மனைவி சொல்லுவாள். அவளுக்குப் பொறாமை.

ஆனால் ஒரு மாதமாக எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், எல்லாருடைய கண்ணிலும் ஒரே கேள்விதான் இருந்தது. அதனால் யார் என்ன கேட்டாலும் என் வாய் அதற்குத்தான் பதில் சொல்லிப் பழகிவிட்டது.

என் மருமகன் எமில்ராஜ் பாசையூர்ப் பெடியன். அம்புலன்ஸில் வேலை. ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை மட்டும் இல்லை. வீட்டுக்குள் வந்து பார்த்து மருந்து கொடுக்கிறவன் அவன்தான். கலியாணம் முடிந்த புதிதில் அவனை என் படகில் ஏற்றிக்கொண்டு போனேன். குருநகர் இறங்குதுறை மறையும் முன்பே குமட்டிச் சத்தி எடுக்கத் தொடங்கிவிட்டான். “கடலிலை சத்தி எடுத்தவன் இப்ப ஊராற்றை சத்தியை அள்ளுறான்,” என்று நான் பகிடி பண்ணுவேன். “சம்பளம் தருகினம் மாமா, நீங்கள் சும்மாவெல்லோ சத்தி எடுக்க வைச்சனீங்கள்,” என்பான்.

அவன் மருந்து கொடுக்கிற முறையே தனி. வீட்டிலும் அப்படித்தான். தலையிடிக்கிறது, ஒரு பனடோல் தா என்று கேட்டால் உடனே தரமாட்டான்.

“கடைசியா எப்ப போட்டனீங்கள் மாமா?”

“போடேல்லையடா.”

“வேறை என்ன குளிசை குடிச்சனீங்கள்? எந்த மருந்துக்காவது உடம்பு கடிக்கிறதோ, தடிக்கிறதோ?”

“உன்ரை கேள்வியாலைதான்ரா தலை இடிக்குது.”

அதற்குப் பிறகும் பெட்டியைத் திருப்பிப் பெயரைச் சத்தமாக வாசிப்பான். காலாவதித் திகதியைப் பார்ப்பான். வேலையில் இதைவிடக் கூட. ரெலிபோனில் டொக்டருக்கு நோயாளியின் நிலையைச் சொல்லுவான். டொக்டர் ஒரு மருந்தைச் சொன்னால், அந்தப் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லுவான். டொக்டர் ஓம் என்றபிறகுதான் கை மருந்துப் பைக்குள் போகும். பிறகு அதை ட்ரைவருக்கும் காட்டுவான். இரண்டு பேரின் கண் படாமல் ஒரு மருந்தும் ஒருவருடைய வாய்க்குள்ளும் போகாது என்று அவன் எனக்குச் சொல்லியிருக்கிறான்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் அது நடந்தது.

எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளிக் கனிசியஸ் இருந்தான். என் வயது. சின்ன வள்ளத்தில் வலை போடுகிறவன். அவன் வலைகளை ஒருமுறை சுபாஸின் இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போய்விட்டது. சுபாஸ் அவனுக்குப் பக்கத்து வீடு, ஒரே வேலி. கனிசியஸ் பூசை முடிந்த நேரம் கோயில் வாசலில் நின்று, “உவன்ரை வீட்டுத் தண்ணி செத்தாலும் என்ரை தொண்டையாலை இறங்காது,” என்று எல்லாரும் கேட்கச் சொன்னான். அதற்குப் பிறகு இரண்டு வீடும் கதை பேச்சில்லை.

அன்றைக்கு விடியக் கடலிலிருந்து வந்த கனிசியஸுக்கு நெஞ்சுக்குள் நோ. வேர்த்து ஒழுகியது. அவன் மனைவி ஸ்ரெல்லா அம்புலன்ஸுக்கு ரெலிபோன் அடித்தாள். கிட்ட நின்றது எங்கள் எமில்ராஜின் வண்டி. நானும் ஓடிப் போய் வாசலில் நின்றேன்.

கனிசியஸ் கட்டிலில் கண்ணைத் திறந்தபடி கிடந்தான். கதைத்தான். என்னைப் பார்த்து, “என்னடா, செத்தவீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கிறாய்?” என்றும் கேட்டான். எமில்ராஜ் அவன் கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தான். நெஞ்சில் வயர்களை ஒட்டினான். பிறகு வழக்கம் போலக் கேட்டான்.

“அக்கா, நாங்கள் வாறதுக்கு முன்னம் அண்ணைக்கு ஏதும் குளிசை குடுத்தனீங்களோ?”

“இல்லைத் தம்பி.”

“நாக்குக்குக் கீழை வைக்கிற குளிசை ஏதும்?”

ஸ்ரெல்லா புருசனைப் பார்த்தாள். “ஒண்டும் குடுக்கேல்லை. சோடா மட்டும்தான்.”

எமில்ராஜ் அதை அப்படியே டொக்டருக்குச் சொன்னான். பிரஷரையும் சொன்னான். டொக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னான். அஸ்பிரினைச் சப்பக் கொடுத்தான். நாக்கைத் தூக்கச் சொல்லி, கீழே ஒரு மருந்தை அடித்தான். அது இரத்தக் குழாயை விரித்து நோவைக் குறைக்கிற மருந்தாம். பிரஷரையும் இறக்குமாம். முன்னமே எடுத்திருந்தால் பிரஷர் ஒரேயடியாக விழுந்துவிடும் என்றுதான் அப்படிக் கேட்கிறதாம்.

பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே கனிசியஸின் பிரஷர் விழுந்துவிட்டது. எமில்ராஜ் அவன் கால்களை உயர்த்திப் பார்த்திருக்கிறான். நெஞ்சை அமத்திக்கொண்டே போயிருக்கிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏற்றிய பிறகும் கையை எடுக்கவில்லையாம். தாதி ஒருத்திதான் பிடித்து விலக்கினாளாம். கனிசியஸ் போய்விட்டான்.

மேலிடத்தில் எமில்ராஜைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். உன்னில் பிழை இல்லை என்று விட்டார்கள். ஒழுங்கை விடவில்லை. “நல்லாக் கதைச்சுக்கொண்டு கிடந்த மனுசன். உவன் வாய்க்குள்ளை எதையோ அடிச்சான், முடிஞ்சுது.” இதுதான் கதை. செத்தவீட்டில் கனிசியஸின் பெறாமகன், அவன் தமையனின் மகன் லக்சன், எமில்ராஜுக்குச் சவப்பெட்டி தூக்க இடம் கொடுக்கவில்லை.

அதற்குள் இன்னொன்று நடந்தது. எங்கள் ஒழுங்கை மதுராவின் மகனுக்கு மூச்சிழுப்பு வந்தது. அவள் அம்புலன்ஸுக்கு அடிக்காமல் ஓட்டோவில் கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரியில் இறக்கும்போது பெடியனின் உதடு நீலம். தப்பியது ஆண்டவர் செயல். அதைக் கேட்ட அன்று எமில்ராஜ் சாப்பிடவில்லை. “என்னைப் பேசட்டும் மாமா. ஆனா வண்டிக்குப் பயந்து ஓட்டோவிலை போனா, எத்தினை பேர் வழியிலை சாகப் போகினமோ,” என்றான்.

நான் இறங்குதுறையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டு இருந்தபோதுதான் சுபாஸ் வந்து பக்கத்தில் குந்தினான்.

“அண்ணை, ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு ஸ்ரெல்லா அக்கா வேலியாலை எங்கடை அம்மாவைக் கூப்பிட்டவ. அம்மாவின்ரை நெஞ்சுக் குளிசையிலை ரெண்டு வாங்கினவ. நாக்குக்குக் கீழை வைக்கிறது.”

எனக்குக் கை நின்றுவிட்டது. “உதை ஏன்ரா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“ஆருக்கு அண்ணை சொல்லுறது? எங்கடை வீட்டுக் குளிசை எண்டு தெரிஞ்சா அந்த மனுசன் துப்பியிருக்கும். வாய்வுக்குப் பெப்பர்மின்ற் எண்டு சொல்லித்தான் வைச்சவவாம்.”

நான் வலையைப் போட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வந்தேன். ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொல்லப் போகிறேன் என்றேன். எமில்ராஜ் பிள்ளையை மடியில் வைத்திருந்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவனுக்கு முன்பே சந்தேகம் இருந்திருக்கிறது.

“சொல்லாதேங்கோ மாமா. அந்த மனுசி இப்ப தனிய இருக்கிறா. தன்ரை கையாலைதான் போனவர் எண்டு நினைச்சா எழும்பமாட்டா.”

“அப்ப அவ குடுத்ததாலைதானே போனவன்?”

“அது ஆருக்கும் தெரியாது. நெஞ்சு ஏற்கெனவே நல்லாப் பழுதாம். அவவின்ரை குளிசையோ, நான் அடிச்சதோ, ரெண்டுமோ, ஒண்டுமில்லையோ. டொக்டராலையும் சொல்லேலாது.”

எனக்கு ஆத்திரம். உன் பெயர் போகிறது, பிள்ளைக்கு நாளைக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். ஆனாலும் அவனுக்காக நான் குளிசைக் கதையை வெளியில் சொல்லவில்லை. ஒழுங்கையால் போனால் ஆட்கள் கதையை நிற்பாட்டுவதும், அவன் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போவதுமாக நாட்கள் போயின. நான் பேத்தியைத் தூக்கும்போது மட்டும் இதெல்லாம் மறக்கும். கீழே வைத்தவுடன் திரும்ப வந்துவிடும்.

இன்றைக்குக் காலை கனிசியஸின் முப்பத்தோராம் நாள் பூசை. பூசை முடிந்து ஸ்ரெல்லா வீட்டு முற்றத்தில் எல்லாருக்கும் வடையும் தேத்தண்ணியும். போகவேண்டாம் என்று ஜெசிதா சொன்னாள். எமில்ராஜ் வந்தான். வந்ததோடு நிற்காமல், பரிமாற ஆள் காணாது என்று கண்டு, தேத்தண்ணித் தட்டத்தையும் தூக்கினான். லக்சனுக்கு முன்னால் தட்டம் போனது.

“எனக்கு வேண்டாம் ஐசே,” என்றான் லக்சன். “உன்ரை கையாலை வாங்கிக் குடிச்சவையின்ரை பூசைக்குத்தான் இண்டைக்கு வந்திருக்கிறம்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். எமில்ராஜ் அடுத்த ஆளிடம் போனான். நான் கதிரையை விட்டு எழும்பினேன். ஆனால் எனக்கு முன்பே, உள்ளே தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த ஸ்ரெல்லா குசினி வாசலுக்கு வந்துவிட்டாள்.

“லக்சன், வாயைப் பொத்து. அந்தப் பெடியன் என்னட்டைக் கேட்டவன், ஒருக்கா இல்லை, ரெண்டு தரம் கேட்டவன். மனுசனுக்குத் தெரியக்கூடாதெண்டு நான் பொய் சொன்னனான். சுபாஸ் வீட்டுக் குளிசை ரெண்டை உன்ரை சித்தப்பாவின்ரை நாக்குக்குக் கீழை வைச்சது நான்.”

லக்சன் தன் சப்பாத்தைப் பார்த்தான். ஸ்ரெல்லா எமில்ராஜிடம் வந்தாள்.

“சொல்லு தம்பி. நான்தானே கொண்டனான்?”

எமில்ராஜ் தட்டத்தை வாங்கில் வைத்தான். கையைத் துடைத்தான்.

“இல்லை அக்கா,” என்றான். “உங்களை வெளியிலை கூப்பிட்டுத் தனியக் கேட்டிருந்தா நீங்கள் சொல்லியிருப்பியள். அண்ணை கேக்கக்கூடியதா, அவற்றை தலைமாட்டிலை நிண்டு கேட்டவன் நான்.”